பேரிகைக்காரர் வாங்கிய சைக்கிள்

திம்மப்பன் ஏறி மூன்று மாட்டுவண்டிகளின் அச்சு முறிந்தபின், பேரிகை ஊரில் யாரும் அவரை வண்டியில் ஏற்றுவதில்லை.

"இந்த ஒடம்போட காவேரிப்பட்டினம் வரைக்கும் சைக்கிளா?" கிருஷ்ணகிரி சைக்கிள் கடைக்காரர் ஆஞ்சப்பன் மலைத்தார்.

"பேரனுக்குக் காதுகுத்துப்பா. தாத்தன் போகாம முடியுமா? கெட்டியா ஒண்ணு காட்டு."

முதல் சைக்கிளின் கேரியரில் திம்மப்பன் உட்கார்ந்ததும் அது தரையோடு படுத்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது முனகியது, ஆனாலும் தாங்கியது.

"இது போதும்."

"கேரியரையே பாக்கறீங்களே, சீட்டுல ஏறிப் பாருங்கண்ணா!"

"அது என் வேலை இல்லப்பா" என்ற திம்மப்பன் வாசல் பக்கம் திரும்பினார். "ஜோதியம்மா, வா!"

அவர் மனைவி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு சீட்டில் ஏறினாள்.

"மேடு வந்தா எறங்கித் தள்ளணும், இப்பவே சொல்லிட்டேன்!"