பதினெட்டு வருஷப் புதுசு

"அண்ணே, ஒரு ஜாக்கெட் தைக்கணும்."

"லேடீஸ் டெய்லர் எதிர்க்கடைம்மா," என்றார் தோல் கடைக்காரர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த ஜாக்கெட் இல்லண்ணே. ஆம்பிளைங்க போடுற தோல் ஜாக்கெட். பழசா வேணும். பதினெட்டு வருஷம் பழசா."

ஊசி நின்றது.

அவள் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். 'டொக்' என்று பலகை விழுந்த மாதிரி சத்தம். ஒரு காலத்தில் அது ஜாக்கெட்டாக இருந்திருக்க வேண்டும். இப்போது எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பத்தாது.

"என்னம்மா பண்ணினே?"

"துவைச்சேன்."

"கையாலயா?"

"மெஷின்ல. வெந்நீர்ல."

இழவு வீட்டு வாசலில் நிற்பவரைப் போல ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார் கடைக்காரர்.

"காலர்ல அழுக்கா இருந்துச்சுண்ணே. என் வீட்டுக்காரர் ஊர்லருந்து வர்றதுக்குள்ள பளிச்சுனு ஆக்கி வைக்கலாம்னு நினைச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி என் முதல் சம்பளத்துல நான் வாங்கிக் குடுத்தது. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிப்பாரு. 'பொண்டாட்டி வந்து பதினேழு வருஷம், இது வந்து பதினெட்டு வருஷம், சீனியர் இதுதான்'னு. சனிக்கிழமை வந்துடுவாரு. தெரிஞ்சா மனுஷன் தாங்க மாட்டாரு."

கடைக்காரர் ஜாக்கெட்டைப் புரட்டினார். உள் தையலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"சிரிக்கிறீங்களா?"

"சேச்சே. தையல் ரொம்ப நல்லா இருக்கேன்னு பார்த்தேன்."

"அந்தக் காலத்து வேலைண்ணே. இப்ப யாரு இப்படித் தைக்கிறாங்க?"

"அதானே," என்றார் கடைக்காரர். "யாரு தைக்கிறா?"

அவள் போனில் இருந்த போட்டோக்களைக் காட்டப் போனாள். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமையே ஜாக்கெட் தயார். ஆனால் மாப்பிள்ளைக் களையோடு மினுமினுத்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதே. போட்டுக்கோ."

"நானா?"

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா சாயம் போகும். முழங்கை மடிப்பு மட்டும் மனுஷ உடம்புச் சூட்டுலதான் விழும். அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து, வண்டி ஓட்டுற மாதிரி கையை மடக்கி நீட்டு."

மூன்று நாள் மதியமும் அவள் அந்தக் கடையில் உட்கார்ந்து இல்லாத வண்டியை ஓட்டினாள். வேர்வை ஆறாக ஓடியது. ஃபேனைப் போடக் கூடாதாம், சூடு போய்விடுமாம். எதிர்க்கடை லேடீஸ் டெய்லர் எட்டிப் பார்த்து, "அந்தம்மாவுக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

முதல் நாள் தோல் முரண்டு பிடித்தது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள், தெரிந்தவர் தோளில் கை போட்ட மாதிரி அவள்மேல் படிந்தது. இதுக்காகத்தான் மனுஷன் இதை இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார் போல என்று அவளுக்கு முதல் தடவையாகப் பட்டது. கழற்றவே மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பார்வை. திரைக்குப் பின்னால், கண்ணாடி முன்னால், ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். காலரில் அதே வெளுப்பு, பையோரத்தில் அதே தேய்மானம்.

"அய்யய்யோ, அண்ணே! இடது தோள்ல ஒரு கீறல் உண்டு, சொல்ல மறந்தே போச்சு," என்று பதறித் திரும்பினாள். கீறல் இருந்தது. அதே நீளம், அதே சாய்வு.

"எப்படிண்ணே?"

"தொழில்மா," என்றார் திரைக்கு வெளியிலிருந்து.

அவள் கையெடுத்துக் கும்பிடலாமா என்று யோசித்த நேரத்தில், கடை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே, தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்துவிடும் ஒரு குரல்.

திரை இடுக்கில் பார்த்தாள். தோளில் பயணப் பையோடு அவள் கணவர்! ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கியிருக்கிறார். போச்சு, எல்லாம் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"வாங்க தம்பி," என்றார் கடைக்காரர், தேவைக்கு மேல் சத்தமாக.

"அண்ணே, என்னைக் காப்பாத்துங்க. ஜாக்கெட்டைக் காணோம். இப்பத்தான் வந்து இறங்கினேன், வீட்ல அவ இல்ல. பூரா தேடிட்டேன், போன் போட்டுக் கேட்டா ஆபீஸ்லயும் இல்லையாம். என் வீட்டுக்காரி அதைத் தொடக்கூட மாட்டா, நான்தான் எங்கயோ விட்டுட்டேன். அவ முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்ததுண்ணே, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா." கணவர் குரலைத் தாழ்த்தினார். "அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுத்துடுங்க. நாலு வருஷம் முன்னாடி நான் பஸ்ல தொலைச்சப்போ நீங்க செஞ்சு குடுத்ததை, இன்னிக்கு வரைக்கும் அவ கண்டுபிடிக்கவே இல்ல!"