பழுக்காத புகையிலை

புகையிலை ஜாடியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். இவர் ஜாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

காலை வெயில் கால்மாட்டில் கிடந்தது. தலையணைகளை அடுக்கி இவரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

டாக்டர் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆசைப்பட்டதைக் குடுங்கம்மா."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இவருக்கு மட்டும் அது தெரியக்கூடாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். அடிக்கிற காற்றில் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுப்பார். ஆனால் ஊசி என்றால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வார். விஷயம் தெரிந்தால் அந்த நிமிஷமே பாதி உயிர் போய்விடும்.

இவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது இந்த ஜாடிக்குள் இருக்கிறது.

அந்தக் கூண்டில் தனியாக உட்கார்ந்து பைப் புகைத்துப் புகைத்தே நுரையீரலைக் கரியாக்கிக்கொண்டார். நிறுத்தாவிட்டால் பிழைக்கமாட்டீர்கள் என்று இதே டாக்டர் மிரட்டிய பிறகு, இருந்த பைப்புகளையெல்லாம் கூட வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அப்போதுதான் ஒரு கப்பல் சமையல்காரரிடம் வாங்கியிருந்த புதுப் புகையிலையை இந்தக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு, கம்பிக் கொக்கியை மாட்டி மூடினார்.

"இது இன்னும் பச்சை. இப்பப் பிடிச்சா நாக்கைக் கடிக்கும். நல்லாப் பழுக்கட்டும், அப்புறம் ஒரே ஒரு தடவை" என்று என்னிடம் பேரம் பேசினார். "பழுத்துச்சான்னு நீயே மோந்து பாத்துச் சொல்லு. என்கிட்ட விட்டா நாளைக்கே பழுத்துடும்."

அதன் பிறகு அந்த ஜாடிக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! வெளிச்சம் படக்கூடாது. சூடு ஆகாது. சும்மா சும்மா திறந்தால் வாசனை ஓடிவிடும். பீரோவின் அடித்தட்டில், கம்பளிகளுக்குப் பின்னால், இருட்டில் வைத்தோம். நான் பெற்ற பிள்ளைகளைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள் கல்யாண நாளில் மட்டும் திறப்போம். நான் சமையலறை மேடையில் வைத்துத் திறப்பேன். இவர் ஜன்னலோர நாற்காலியில் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

முதலில் காய்ந்த புல் வாசனைதான் வந்தது. கூடவே வினிகர் மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. போகப் போக நெடி தணிந்தது.

பிறகு ஒரு வருஷம் இலைமேல் பொடிப் பொடியாக வெள்ளை. பூஞ்சை பிடித்துவிட்டது, கொட்டிவிடவா என்று கேட்டேன். மினுங்குகிறதா என்று மட்டும் கேட்டார். மினுங்கியது. அப்படியென்றால் பூஞ்சை இல்லை, இலையின் இனிப்புதான் பூத்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த வருஷம் ஜாடிக்குள்ளிருந்து உலர்ந்த திராட்சை வாசனை வந்தது. அப்படி ஒரு இனிப்பு. வீட்டையே தூக்கியது.

"இன்னும் பழுக்கலை" என்றேன்.

அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வருஷமும். பச்சைப் பொய்தான், அதனாலென்ன? அந்தப் பொய்யை வைத்துத்தான் இந்த மனுஷனை இத்தனை காலம் என் எதிரில் உட்காரவைத்திருந்தேன்.

இன்றைக்கு அந்தப் பொய்யால் பிரயோஜனம் இல்லை. இன்றும் பழுக்கலை என்றால், ஆசை இவரோடு போய்விடும். பழுத்துவிட்டது என்றால், எதற்காகச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்பதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டும். குளியலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கம்பிக் கொக்கியைத் தளர்த்தினேன். மூடி மெல்லப் பெருமூச்சு விட்டது. அந்த இனிப்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. நெடி துளியும் இல்லை.

"பழுத்துடுச்சுங்க" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பைப்பை இவர் கையில் கொடுத்தேன். வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, தலையணைமேல் வைத்தார். ஜாடியை மடிக்கு இழுத்து ஒரு சிட்டிகை எடுத்தார். மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"நம்ம கல்யாண நாளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே" என்றார்.

அழுது முடித்து, முகம் கழுவி, பவுடர் பூசி, குரலைச் சரிசெய்துகொண்டு வந்தவள், இது அந்த நாள் இல்லை என்பதை மறந்துவிட்டேன். ஜாடியை ஸ்டூலில் வைத்தபோதே இவருக்குத் தெரிந்துவிட்டது.

இவர் அந்தச் சிட்டிகையைத் திரும்ப ஜாடிக்குள்ளேயே போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் பழுக்கலைடி. மூடி வை. அன்னைக்குப் பாத்துக்கலாம்."

அறை முழுக்கத் திராட்சை வாசனை. ஜன்னலோர நாற்காலிக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாசனை வருஷா வருஷம் இவர் மூக்குக்கும் எட்டியிருக்கிறது.

"சரிங்க" என்றேன்.

மூடியை அழுத்திக் கொக்கியை மாட்டினேன். ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய், பீரோவில் கம்பளிகளுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.