வாசலில் படுத்திருந்தவர்

ஆட்டுப்பட்டியின் காவல் நாய் சடையன் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டது. "தப்பி ஓடப் பார்த்தது, பிடிக்கும்போது பல் பட்டுவிட்டது" என்று அது சொன்னதை நீதிபதிக் காளை நம்பவில்லை.

"இது கொலைதான். ஆயுள் முழுக்கச் சங்கிலி" என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கே சடையனை மலைக்கு அப்பால் கொண்டுபோனார்கள்.

செத்த குட்டியின் தாயைத் தவிர எல்லா ஆடுகளும் தலைகால் புரியாமல் துள்ளின.

"அவன் கதை முடிஞ்சுது!" என்றது கிடா.

"நேத்துவரைக்கும் ஐயான்னுதானே கூப்பிட்டீங்க?" என்றது வேலியில் இருந்த காக்கை.

"யாரு கூப்பிட்டது? நான் அப்பவே முறைச்சவனாக்கும்."

வெயிலே எட்டிப் பார்க்காத நாள் அது. பொழுது சாய, ஆடுகள் பட்டிக்குத் திரும்பின. சடையன் எப்போதும் வாசலில் குறுக்கே படுத்திருக்கும். கால் படாமல் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். இன்று வாசல் வெறுமையாக இருந்தது. ஆனால் முன்னால் போன கிடா அங்கே வந்ததும் உயரத் தாண்டியது. பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாக அதே இடத்தில் தாண்டின.

"அங்கேதான் ஒண்ணுமே இல்லையே, எதுக்குத் தாண்டுறீங்க?" என்று கத்தியது காக்கை.

"சத்தம் போடாதே," கிடா குரலைத் தாழ்த்தியது. "ஐயா தூங்குறாரு."

கடைசியாக வந்த தாய் ஆடு மட்டும் தாண்டவில்லை. நேராக நடந்துபோய் அந்த இடத்தில் காலை வைத்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து வழிவிட்ட மாதிரி மண் வெதுவெதுவென்று இருந்தது.