பத்தாம் நம்பர் ஷூ

"உங்களுக்கு ஷூ தர முடியாது சார்" என்றான் சேல்ஸ்மேன்.

கணக்கு வாத்தியாருக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வருஷமாக விடாத தலைவலி வேறு. நெற்றி நிறையத் தைலத்தைப் பூசிக்கொண்டுதான் கடைக்கே வந்திருந்தார்.

"ஏன்ப்பா, ஓசியிலயா கேட்டேன்?"

"போன வருஷம் எட்டு வாங்கினீங்க. ஆறு மாசம் முன்னால ஒன்பது. இப்ப பத்து கேக்கறீங்க. அம்பது வயசுல கால் வளருமா சார்? டாக்டர்கிட்ட காட்டி சீட்டு வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்."

"என் கால் வளரலடா. உங்க ஷூ சுருங்குது!"

சத்தம் கேட்டு முதலாளியே ஓடி வந்தார். சேல்ஸ்மேன் மசியவில்லை.

"சாரோட உடம்புதான் முக்கியம் முதலாளி."

'எனக்கு ஒண்ணுமில்லை'ன்னு சீட்டு வாங்கி இவன் மூஞ்சியில விட்டெறியலைன்னா நான் வாத்தியாரே இல்லை என்று கறுவிக்கொண்டே வெளியேறினார்.

ஷூ கதையைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை.

"தலைவலி உண்டா?"

"உண்டு. எட்டாவது பி பசங்களால."

"மோதிரம் போடறீங்களா?"

"இறுகிப் போச்சு. சம்சாரம்தான் சோப்பு போட்டுக் கழட்டினா."

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் சின்னதாக ஒரு கட்டி.

"தலைவலி வர்ற எல்லாருக்கும் கட்டி இருக்காது. ஆனா தலைவலியோட கையும் காலும் வளர்ந்தா சும்மா விடக்கூடாது. பயப்படாதீங்க, இது புற்றுநோய் இல்ல. மூக்கு வழியாவே எடுத்துடலாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பார்வைக்கே ஆபத்து."

வாத்தியார் கூட வந்திருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனைப் போய்க் கன்னாபின்னான்னு திட்டிட்டு வந்தேனே!"

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழிந்தது. தலைவலி போன இடம் தெரியவில்லை. எட்டாவது பி பசங்கள்கூட நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

வாத்தியார் பழக்கூடையோடு நேரே கடைக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும் சேல்ஸ்மேனைக் கட்டிப்பிடித்தார்.

"என்னைக் காப்பாத்தின தெய்வம் இவன்!"

கூட்டம் கை தட்டியது. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க கடைப் பையன்னா சும்மாவா!"

"இந்தாப்பா, நீ கேட்ட சீட்டு. கால் இனிமே வளராது. ஆனா வளர்ந்தது வளர்ந்ததுதானாம். இப்பவாவது பத்தாம் நம்பரை எடு ராசா!"

சேல்ஸ்மேன் முகம் வெளிறியது. முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் வாத்தியாரின் காதில் கிசுகிசுத்தான்.

"மன்னிச்சுடுங்க சார். பத்தாம் நம்பர் அன்னிக்கும் ஸ்டாக் இல்ல, இன்னிக்கும் இல்ல. இல்லைன்னு சொல்லி ஆளை அனுப்பினா முதலாளி என்னை வேலையை விட்டே தூக்கிடுவாருன்னுதான், உங்களை டாக்டர்கிட்ட அனுப்பினேன்!"