பூட்டிய ஃபோல்டர்

“அப்போ அதை நான் தொடவே கூடாதா?” டிசைனர் கேட்டாள்.

“கூடாதுக்கா.”

புரோகிராமர் திரையை விட்டுத் திரும்பவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ஒரு வாரமாக அவன் செய்த ஒரே வேலை, பஸ் டிக்கெட் சைட்டின் ஃபைல்களைப் பிரித்து வைப்பது.

இதுவரை எல்லாம் ஒரே ஃபோல்டரில், துவைக்கப் போட்ட துணி மாதிரி குவிந்து கிடந்தது. இனிமேல் பக்கங்களின் வடிவமும் எழுத்தும் ஒரு ஃபோல்டர். அது அவளுக்கு. சைட்டை ஓட்டும் கோடிங் எல்லாம் இன்னொரு ஃபோல்டர். அதற்கு பாஸ்வேர்டு. அது அவனுக்கு மட்டும்.

“என்னை நம்பலை, அதானே?”

“ரெண்டு தடவை சைட் விழுந்துச்சுல்லக்கா.”

உண்மைதான். ஏதோ ஒரு வரியைத் திருத்தப் போய், இரண்டு தடவையும் மொத்தச் சைட்டையும் படுக்க வைத்தது அவள்தான். “இன்னொரு தடவை விழுந்தா நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்” என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

அதற்காக, கூட வேலை பார்க்கிறவளை இப்படியா ஒதுக்குவது?

“டீம் லீடர் ஆகப் போறார்ல. இப்பவே சாவிக்கொத்தை இடுப்புல செருகிட்டார்” என்றான் சைட்டைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர், புரோகிராமர் காதில் விழட்டும் என்றே.

“பக்கத்து சீட்டுல இருக்கிறவளைத் திருடி மாதிரி நடத்தினா நல்லாத்தான் இருக்கும்” என்றாள் டிசைனர்.

புரோகிராமர் கொட்டாவி விட்டான்.

அவள் கோபத்தோடே வேலை பார்த்தாள். பஸ் நேரம் மாறிய அறிவிப்பு ஒன்றைப் போட்டாள். சேவ் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அறைக் கதவு திறந்தது.

“டிக்கெட் பக்கம் வெறும் வெள்ளையா நிக்குது. யாரு கை வச்சது?”

எல்லாத் தலைகளும் டிசைனர் பக்கம் திரும்பின. இந்த ஆபீஸில் அது ஒன்றுதான் ஒற்றுமையாக நடக்கும். அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். போ என்று சொல்வதற்கு முன்னால் தானே போய்விடலாம்.

“கோடிங் ஃபோல்டர்ல தப்பு சார்” என்றான் புரோகிராமர், கீபோர்டைத் தட்டிக்கொண்டே. “பூட்டியிருக்கு. அவங்களால அதைத் திறக்கவே முடியாது.”

“வேற யாரால முடியும்?”

“என்னால மட்டும்தான்.”

மேனேஜர் அவனையே பார்த்தார். “உன்னைப் போய் டீம் லீடர் ஆக்கணும்னு மேலிடத்துல சொல்லி வச்சேன் பாரு. அதை மறந்துடு.”

“சரி சார்.”

கதவு படீரென்று மூடியது. சைட் மறுபடி ஓடியது.

“ஊரையே வெளில நிறுத்திப் பூட்டிட்டு, உள்ள இருந்து இவரே கவுத்துட்டார்” என்று டெஸ்டர் சிரித்தான்.

டிசைனருக்கும் சிரிப்பு வந்தது. பையை வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் உருட்டினாள்.

“அடுத்தவங்களை நம்பாதவனுக்கு இப்படித்தான் ஆகும் தம்பி. எப்படி இருக்கு?”

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

“சத்தம் போடாதீங்கக்கா. பக்கத்தை வெள்ளையாக்கினது மூடாம விட்ட ஒரு அடைப்புக்குறி. அது உங்க ஃபோல்டர்லதான் இருந்துச்சு.”