மலைக் குளிரில் திரும்பாத ஸ்டீயரிங்

சக்கரங்களைத் தான் ஒருவனே திருப்புவதாக அந்தப் பழைய காரின் ஸ்டீயரிங்குக்கு நினைப்பு. ஒரு மார்கழிக் காலையில் நர்ஸ் பியூலா பிரசவம் பார்க்க மலையிறங்கினாள். முதல் வளைவில் அவள் எவ்வளவு இழுத்தும் ஸ்டீயரிங் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்ததும் பள்ளத்தின் விளிம்பில் கார் நின்றது.

"பயப்படாதே," என்று ஸ்டீயரிங்கிடம் சொன்னது கீழே குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல். "குளிர்ல கெட்டியாயிட்டேன். என்ஜின் கொஞ்சம் சூடாகட்டும்."

"யாரு நீ?" என்றது ஸ்டீயரிங்.

"பவர் ஸ்டீயரிங் ஆயில். தினமும் உன்கூடச் சேர்ந்து சக்கரத்தைத் தள்ளுறவன்."

பியூலா என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். பிறகு காரைப் பின்னால் எடுத்துத் திருப்பினாள். ஒரு விரலுக்கே ஸ்டீயரிங் சுழன்றது. காரின் அத்தனை பாரமும் கூடவே திரும்பியது.

ஸ்டீயரிங்குக்குச் சிலிர்த்துவிட்டது. "பதினெட்டு வருஷமா நீயா? ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே!"

"அடுத்த வளைவு வருது, பாரு," என்றது ஆயில்.