சீட்டும் பிரேக்கும்

முன்சக்கரம் என் மடியில் இருந்தது. கையில் அரம்.

அன்னம்மாள் அக்காவும் சம்பூர்ணமும் இன்னும் பதினோரு பேரும் தோல் விரித்த மேசைகளை விட்டுவிட்டு அந்த அரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி எங்கள் தோல் தொழிற்சாலை மேனேஜர் இஷ்தியாக் அகமதுவுடையது. முதலாளியின் மகன் ஆசைப்பட்டு வாங்கிய நூறு சிசி வண்டி. ரேஸ்காரனைப் போலக் குனிந்து ஓட்ட வேண்டும். ஆறே மாதத்தில் அவனுக்கு அலுத்துப்போய், ஆறடி உயரமும் ஐம்பத்திரண்டு வயதும் உள்ள மேனேஜரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதில் வருவது, வெட்டுக்கிளி தீப்பெட்டிமேல் உட்கார்ந்து வருவது போலிருக்கும்.

காலையில் என்னைத் தோல் சோதிக்கும் லேபிலிருந்து கூப்பிட்டு இரண்டு குறை சொன்னார். சீட் முன்பக்கம் சரிகிறது, பள்ளத்தில் இறங்கினால் டேங்கின்மேல் போய் உட்காருகிறார். பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. ஆம்பூர் மெக்கானிக் மூன்று முறை பார்த்தும் தீரவில்லை. நான் பிசிக்ஸ் படித்தவளாம், பார்க்க வேண்டுமாம்.

எங்கள் பாடத்தில் மோட்டார் சைக்கிள் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு மாதத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் "சரி சார்." அன்றும் அதையே சொன்னேன். என் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் சனிக்கிழமை அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சீட் சுலபம். செருப்பு அடிக்குப் போடும் தடித் தோலில் இரண்டு வட்டம் வெட்டி, சீட்டின் முன்பக்கம் அடியில் கொடுத்து உயர்த்தினேன். மேலே ரோமத்தோடு ஓர் ஆட்டுத்தோல்.

பிரேக்கும் அவ்வளவு கஷ்டமில்லை. சக்கரத்துக்குள் இருந்த பிரேக் ஷூ இரண்டும் தேய்ந்து கண்ணாடிபோல ஆகியிருந்தன. எமரித் தாளால் சொரசொரப்பாக்கினேன். இனிப் பிடிக்கும்.

மிச்சமிருந்தது அந்த ஷூக்களின் விளிம்பு. விளிம்பை அரத்தால் சரித்துவிட்டால் பிரேக் போடும் சத்தம் போய்விடும்.

அங்கேதான் எல்லோருக்கும் மூச்சு நின்றது.

எடைமேடைத் திருப்பத்தில் பிரேக் போடும்போது அந்த வண்டி நோய்வந்த மயிலைப் போலக் கத்தும். கத்தலுக்கும் மேனேஜர் கேட்டுக்கு வந்து சேர்வதற்கும் நடுவே எண்பது நொடி. லேப் ஸ்டாப்வாட்ச்சில் அளந்திருக்கிறேன். சம்பூர்ணத்தின் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்க அவள் தினமும் மூன்று முறை நழுவுவாள். மயில் கத்தினால் ஓடிவருவாள். அறுபது நொடி. மேல்மூச்சு வாங்க இருபது.

வேலை நேரத்தில் கேட்டுக்கு வெளியே பிடிபட்டால், மேனேஜர் எழுதிக் கொடுத்தால் போதும், மறுநாள் வேலை கிடையாது. அது முதலாளியின் சட்டம்.

"நல்லா ராவும்மா," என்றாள் அன்னம்மாள் அக்கா. "வண்டியை நீ ரிப்பேர் பண்ணிட்டே. இவ பொழப்ப யாரு ரிப்பேர் பண்றது?"

சம்பூர்ணம் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

நான் விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் சத்தம் ஏன் போகவில்லை என்று அவர் கேட்டால், அதற்கு "சரி சார்" பதிலாகாது.

ராவினேன்.

சக்கரத்தை மாட்டிக் கொடுத்ததும் மேனேஜர் ஆம்பூர் பக்கம் ஓட்டிப்போனார். அரை மணி நேரமாகியும் காணவில்லை. முதலாளி வீட்டுக்குப் போயிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். சம்பூர்ணத்தின் ரவிக்கை நனைந்திருந்தது. கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

மயில் கத்தவேயில்லை.

நான் ஜன்னலில் நின்றிருந்தேன். சம்பூர்ணம் பால் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டே நிதானமாக ரோட்டைக் கடந்தாள். நடு ரோட்டில் திரும்பிப் பார்த்தாள். வண்டி அவள்மேல் வந்துகொண்டிருந்தது.

பிரேக் பிடித்தது.

அவளுக்கு ஒரு முழம் முன்னால், துளிச் சத்தமில்லாமல் நின்றது. மேனேஜர் டேங்கின்மேல் சரியக்கூட இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

பிறகு மேனேஜர் வண்டியை விட்டு இறங்கினார். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சீட்டின்மேல் இருந்த ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்தார். ரோமத்தை ஒரு பக்கம் நீவினார். அப்புறம் மறுபக்கம் நீவினார். தையல்களை எண்ணுவதுபோல விரலால் தொட்டுக்கொண்டே போனார். சம்பூர்ணம் ஓடிவந்து மேசை முன் நிற்கும்வரை அவர் நிமிரவே இல்லை.

நேராக என் லேபுக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"சீட்டு பிரமாதம். பிரேக்கும் நல்லா புடிக்குது."

"சரி சார்."

"ஏம்மா, சத்தத்தப் பத்தி நான் உங்கிட்ட ஏதாவது சொன்னேனா? சீட்டும் பிரேக்கும்தானே சொன்னேன்?"

ராவிய விளிம்பைத் திரும்ப வரவைக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பாத்துட்டா எழுதணும்மா."

நான் தடித் தோலில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, முன்சக்கரத்தின் கம்பிகளில் படும்படி கட்டிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் அட்டை சொருகுவார்களே, அதுபோல. வண்டி நகர்ந்தாலே கடகடவென்றது. திருப்பம்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மாலையில் அவர் திரும்பி வரும்போது, கடகட காதில் விழுந்ததும் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினேன்.

நூற்று இருபது நொடி. முன்னைவிட நாற்பது ஜாஸ்தி.